டிவியை ஆன் செய்ததும் வரும் முதல் திரை யாருடையது?

கடலூரிலிருந்து பாண்டிச்சேரி போகிற சாலையில் முள்ளோடையைத் தாண்டினால் பெட்ரோல் விலை மாறும், ஒயின் ஷாப் போர்டுகள் வரிசை கட்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். டிவி பெட்டியும் அங்கேயே மாறிவிடுகிறது என்பதை வீடு மாற்றுகிறவர்கள்தான் கவனிக்கிறார்கள். ரெட்டிச்சாவடியில் அரசு கேபிள் வைத்திருந்த குடும்பம் அரியாங்குப்பத்துக்குக் குடிபோனால், செட்டாப் பாக்ஸைக் கேபிள்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, பாண்டியில் வேறொரு நிறுவனத்தின் பாக்ஸை வாங்கியாக வேண்டும். பழைய பெட்டியைக் கொண்டுபோய் மாட்டினால் திரையில் ஒரு எரர் எண்ணும் ஆங்கிலத்தில் ஒரு வரியும் வரும், அவ்வளவுதான். வயர் அதே ரகம், கேபிளில் டிஜிட்டல் சிக்னல் அனுப்பும் முறை அதே டிவிபி-சி, வருகிற சன் டிவியும் விஜய் டிவியும் அதே சேனல்கள். ஆனாலும் பெட்டி வேலை செய்யாது.

செய்ய வைக்க முடியாமல் இல்லை. செய்யாமல் இருப்பதில்தான் சிலருக்குத் தொழில் இருக்கிறது. டிவியைப் பார்வையாளர் பதில் பேசும் கருவியாக மாற்றப்போகிறோம் என்று ஏறக்குறைய ஐம்பது வருடமாக நடக்கும் போட்டியைப் புரிந்துகொள்ள இந்தப் பெட்டி நல்ல இடம். இந்தப் போட்டியில் ரிமோட்டைக் கையில் வைத்திருக்கும் நாம் வாடிக்கையாளரே கிடையாது. தொழில்நுட்பம் விற்கிறவர்களுக்கு வாடிக்கையாளர் கேபிள் கம்பெனியும் டிடிஎச் கம்பெனியும்தான். இப்போது டிவி தயாரிப்பாளரும் சேர்ந்துகொண்டார். அவர்களில் ஒருவரைப் பிடித்துவிட்டால் லட்சக்கணக்கான வீடுகள் ஒரே கையெழுத்தில் வந்துவிடும்.

பெட்டியைத் திறந்து பார்த்தால் மூன்று பேருடைய பொருள் ஒன்றாகக் கிடக்கும். ஒன்று, காசு கட்டியவருக்கு மட்டும் சேனலைத் திறந்துவிடும் பூட்டு. தொழிலில் இதற்கு காஸ் என்று பெயர். இரண்டாவது மிடில்வேர்: பெட்டியின் சிப்புக்கும் திரையில் தெரியும் மெனு, கேம், விளம்பரத்துக்கும் நடுவில் நிற்கும் மென்பொருள். மூன்றாவது, எந்தச் சேனலில் எத்தனை மணிக்கு என்ன என்று காட்டும் நிகழ்ச்சிக் கையேடு. சண்டை முழுக்க இந்த மூன்றைச் சுற்றித்தான் நடந்திருக்கிறது.

பூட்டு எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் முள்ளோடை விஷயம் புரிந்துவிடும். சேனலைக் குலைத்து அனுப்பும் முறை உலகத்தில் பெரும்பாலும் ஒன்றுதான். ஐரோப்பாவின் டிவிபி அமைப்பு வகுத்த பொது முறை அது. குலைத்ததைச் சரிசெய்யும் சாவி சில விநாடிகளுக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருக்கும். அந்தச் சாவியையே இன்னொரு முறை பூட்டி, சேனலோடு சேர்த்து அனுப்புவார்கள். பெட்டியில் உள்ள ஸ்மார்ட் கார்டோ, கார்டு இல்லாத பெட்டி என்றால் உள்ளே பதித்த சிப்போ, ‘இந்த வீட்டுக்கு இந்த மாதம் அனுமதி உண்டு’ என்று பார்த்த பிறகுதான் சாவியை எடுத்துக் கொடுக்கும். சாவியைப் பூட்டி அனுப்பும் இந்த இரண்டாவது கட்டம்தான் ஒவ்வொரு நிறுவனத்தின் ரகசியம். ஒரே ஒளிபரப்பில் இரண்டு நிறுவனத்தின் சாவிகளையும் சேர்த்து அனுப்ப சைமல்கிரிப்ட் என்று ஒரு வழியையும் அதே டிவிபி செய்து வைத்திருக்கிறது. கேபிள் கம்பெனிகள் அதைப் பயன்படுத்துவது பெரும்பாலும் பழைய பூட்டை விட்டுப் புதிய பூட்டுக்கு மாறும் இடைக்காலத்தில்தான். பக்கத்து நிறுவனத்தின் பெட்டி தன் வயரில் வேலை செய்யட்டும் என்று யாரும் அதை வைப்பதில்லை.

இனி கொஞ்சம் பின்னால் போவோம். 1977 டிசம்பரில் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் கொலம்பஸ் நகரத்தில் வார்னர் கேபிள் நிறுவனம் கியூப் என்ற சேவையைத் தொடங்கியது. வீட்டில் பட்டன் வைத்த ஒரு சிறு பெட்டி. நிகழ்ச்சி நடக்கும்போதே கேள்விக்குப் பதில் அழுத்தலாம், வாக்களிக்கலாம், காசு கொடுத்துப் படம் பார்க்கலாம். 1984-இல் மூடிவிட்டார்கள். பத்து வருடம் கழித்து, 1994 டிசம்பரில், டைம் வார்னர் ஃபுளோரிடாவின் ஆர்லாண்டோவில் இன்னும் பெரிதாக முயன்றது. கேட்ட படம் கேட்ட நேரத்தில், கடை, விளையாட்டு எல்லாம் ஒரே பெட்டியில். சிலிக்கன் கிராஃபிக்ஸ் கம்ப்யூட்டர்களும் சயின்டிஃபிக் அட்லான்டா பெட்டியும் சேர்ந்த அந்த ஏற்பாடு சுமார் 4,000 வீடுகளைத்தான் எட்டியது. ஒரு வீட்டுக்கு ஆன செலவு எந்தக் கணக்கிலும் கட்டுப்படியாகவில்லை. 1997-இல் அதுவும் போனது. இன்று நெட்ஃபிளிக்ஸ் செய்வதைத்தான் அவர்கள் செய்தார்கள். சிப்பும் சேமிப்பும் மலிவாவதற்கு முன்பே செய்தார்கள் என்பதுதான் வித்தியாசம்.

1990-களின் கடைசியில்தான் உண்மையான விற்பனையாளர் போட்டி சூடுபிடித்தது. பிரான்ஸின் தாம்சனும் அமெரிக்காவின் சன் மைக்ரோசிஸ்டம்ஸும் சேர்ந்து ஆரம்பித்த முயற்சி ஓப்பன்டிவி என்ற மிடில்வேர் நிறுவனம் ஆனது. ஆரக்கிள் ஆரம்பித்த நெட்வொர்க் கம்ப்யூட்டர் நிறுவனம் 1999-இல் லிபரேட் என்று பெயர் மாற்றிக்கொண்டு பங்குச் சந்தைக்குப் போனது. ஊடக முதலாளி ரூபர்ட் முர்டாக்கின் நியூஸ் கார்ப்பரேஷன் கையில் பூட்டு செய்யும் என்டிஎஸ் நிறுவனம் இருந்தது. பிரான்ஸின் கனால் பிளஸ் நிறுவனம் மீடியாஹைவே என்ற தன் மிடில்வேரை மற்றவர்களுக்கும் விற்றது. (பாண்டிக்காரர்களுக்குப் பிரான்ஸில் சொந்தபந்தம் அதிகம். அங்கே 1982-லிருந்து வீடு வீடாகப் போன மினிடெல் கருவியைப் பற்றிக் கேட்டிருப்பார்கள். போன் வயரில் டிக்கெட் பதிவு, விலாசம் தேடுவது எல்லாம் அதில் நடந்தது. திரையோடு பேசிப் பழகிய ஜனம் அங்கே ஏற்கெனவே இருந்தது.)

இந்தக் கூட்டத்துக்குள் மைக்ரோசாஃப்ட் பணத்தோடு நுழைந்தது. டிவியில் இணையத்தைக் காட்டும் வெப்டிவி நிறுவனத்தை 1997-இல் 42.5 கோடி டாலருக்கு வாங்கியது. அதே வருடம் காம்காஸ்ட் கேபிளில் 100 கோடி டாலர் போட்டது. 1999-இல் தொலைபேசியோடு கேபிளும் நடத்திய ஏடி அண்டு டியில் 500 கோடி டாலர் போட்டு, அவர்களுடைய லட்சக்கணக்கான பெட்டிகளில் தன் மென்பொருள் போக வேண்டும் என்று ஒப்பந்தமும் போட்டது. கம்ப்யூட்டரில் விண்டோஸ் செய்ததை டிவியில் திரும்பச் செய்துவிடலாம் என்ற கணக்கு. கேபிள் கம்பெனிகள் பயந்தது இதற்காகத்தான். கம்ப்யூட்டர் தயாரிப்பாளர்கள் மைக்ரோசாஃப்டுக்கு அடங்கிப்போன கதை அவர்களுக்குத் தெரியும். பணத்தை வாங்கிக்கொண்டார்கள், ஆனால் ஒருவரையே நம்பாமல் இரண்டு மூன்று பேரோடு பேசிக்கொண்டே இருந்தார்கள். மைக்ரோசாஃப்டின் மென்பொருளும் தாமதமானது. அப்போதைய பெட்டிகளின் சிறிய மெமரிக்கு அது கனமாகவும் இருந்தது. கொட்டிய பணத்துக்குக் கிடைத்த இடம் மிகக் குறைவு.

லிபரேட்டின் முடிவு இன்னும் சுவாரசியம். 2005-இல் அதன் வட அமெரிக்கத் தொழிலை வாங்கியது போட்டி மென்பொருள் நிறுவனம் அல்ல. காம்காஸ்ட், காக்ஸ் என்ற இரண்டு கேபிள் கம்பெனிகளின் கூட்டு வாங்கியது. வாடிக்கையாளரே விற்பனையாளரை விழுங்கிவிட்டார். 2012-இல் எக்ஸ்1 என்ற சொந்த மென்பொருளோடு காம்காஸ்ட் வந்ததும் இதே மனநிலையில்தான்: முதல் திரையை வெளியாளிடம் கொடுக்கக் கூடாது.

பிரிட்டனில் வேறு மாதிரி நடந்தது. 1998-இல் தொடங்கிய ஸ்கை டிஜிட்டலில் பூட்டு என்டிஎஸ்ஸுடையது, மிடில்வேர் ஓப்பன்டிவியுடையது. ரிமோட்டில் சிவப்பு பட்டன் அழுத்தினால் இன்னொரு கேமரா கோணம், ஸ்கோர், பந்தயம் என்று வரும். ஸ்கை பெட்டியைக் கிட்டத்தட்ட இலவசமாகக் கொடுத்துச் சந்தையைப் பிடித்தது. மக்கள் பெட்டியைத் தேர்ந்தெடுக்கவில்லை. கால்பந்தைத் தேர்ந்தெடுத்தார்கள், பெட்டி கூடவே வந்தது. இந்தத் துறையில் சிறந்த மென்பொருள் ஜெயித்தது என்று சொல்ல எனக்கு ஓர் உதாரணமும் கிடைக்கவில்லை. நல்ல சேனல் வைத்திருந்தவரோடு சேர்ந்தவர் ஜெயித்தார்.

பூட்டு விற்கிறவர்களின் சண்டை நீதிமன்றம் வரை போனது. 2002 மார்ச்சில் கனால் பிளஸ், என்டிஎஸ் மேல் 100 கோடி டாலர் கேட்டு அமெரிக்காவில் வழக்குப் போட்டது. தன் ஸ்மார்ட் கார்டை ஆய்வகத்தில் உடைத்து, அந்த ரகசியத்தை இணையத்தில் கசியவிட்டார்கள் என்பது குற்றச்சாட்டு. என்டிஎஸ் மறுத்தது. அந்தக் கார்டை நம்பியிருந்த பிரிட்டனின் ஐடிவி டிஜிட்டல் என்ற கட்டண டிவி நிறுவனம் அதே வருடம் மூழ்கியது. கள்ள கார்டுகள் அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்பட்டன. வழக்கு தீர்ப்பு வரை போகவில்லை. கனால் பிளஸ் குழுமத்தின் இத்தாலிய டிவி நிறுவனத்தை முர்டாக் வாங்கிக்கொள்ள, வழக்கு கைவிடப்பட்டது. அப்புறம் 2003-இல் மீடியாஹைவேயே என்டிஎஸ் கைக்குப் போய்ச் சேர்ந்தது. 2012-இல் சிஸ்கோ சுமார் 500 கோடி டாலருக்கு என்டிஎஸ்ஸை வாங்கியது. ஆறே வருடத்தில் அந்தத் தொழிலை விற்றுவிட்டு வெளியேறியது. இப்போது அதன் பெயர் சினாமீடியா.

நம்மூருக்கு வருவோம். டிஷ் டிவி 2003-இலும், டாடா ஸ்கை 2006-இலும், சன் டைரக்ட் 2007 டிசம்பரிலும் வந்தன. டாடா ஸ்கையில் முர்டாக்கின் ஸ்டார் பங்குதாரர், பெட்டிக்குள் என்டிஎஸ். டிஷ் டிவி ஓப்பன்டிவி பக்கம் போனது. உலகச் சண்டையின் இரண்டு கட்சிகளும் இப்படி நம் மொட்டை மாடிகளுக்கு வந்து சேர்ந்தன. சன் டைரக்ட் எம்பெக்-4 என்ற புதிய சுருக்கு முறையோடு தொடங்கியதால், ஒரே அலைவரிசையில் கூடுதல் சேனல்களை ஏற்ற முடிந்தது.

‘ஆக்டிவ்’ என்று பெயர் வைத்து டாடா ஸ்கை சமையல், விளையாட்டு, கோயில் தரிசனம் எல்லாம் விற்றது. ஆனால் டிஷ் ஆன்டெனா வழியாக வரும் டிடிஎச்சில் ஒரு அடிப்படைச் சிக்கல் உண்டு. சாட்டிலைட்டிலிருந்து வீட்டுக்கு வரும். வீட்டிலிருந்து திரும்பிப் போக வழியில்லை. அதனால் மெனு பக்கங்கள், குறிப்புகள் எல்லாவற்றையும் ராட்டினம் போல ஓயாமல் திருப்பித் திருப்பி ஒளிபரப்புவார்கள். நீங்கள் பட்டன் அழுத்தியதும் அந்தப் பக்கம் மறுபடி சுற்றி வரும் வரை பெட்டி காத்திருந்து பிடித்துக்கொள்ளும். சில விநாடி ‘லோடிங்’ என்று காட்டியதற்குக் காரணம் அதுதான். பார்வையாளர் எதையும் அனுப்பவில்லை, வந்ததில் ஒன்றைப் பொறுக்கினார். இதற்கு மாதாமாதம் தனிக் காசு கொடுக்க எத்தனை வீட்டில் ஒப்புக்கொள்வார்கள்?

உண்மையில் பார்வையாளர் பதில் பேசும் டிவி தமிழ்நாட்டின் சிறு நகரங்களில் எந்த மிடில்வேரும் இல்லாமல் நடந்தது. லோக்கல் கேபிள் சேனலுக்கு போன் போட்டு, பாட்டு கேட்டு, ‘யாருக்கு டெடிகேட் பண்றீங்க?’ என்ற கேள்விக்கு அத்தை மகன் பெயர் வரை சொல்லுவார்கள். குழந்தையின் போட்டோவைக் கேபிள் ஆபீஸில் கொடுத்தால் பிறந்தநாள் அன்று திரையில் ஓடும். திரும்பிப் போகும் வழி டெலிபோன், மென்பொருள் அந்த ஆபீஸில் உட்கார்ந்திருக்கும் பையன். வெளிநாட்டு நிறுவனங்கள் கோடிக்கணக்கில் கொட்டித் தேடியது இந்த ஆர்வத்தைத்தான். டிஜிட்டல் பெட்டி வந்தபோது சேனல் வரிசை மேலிடத்தில் முடிவாகத் தொடங்கியது. பல லோக்கல் சேனல்களுக்கு இடம் சுருங்கியது.

அந்தப் பெட்டி வந்த கதையில்தான் கடலூரும் பாண்டியும் பிரிகின்றன. கேபிளை டிஜிட்டலாக்கும் சட்டத்திருத்தம் 2011-இல் வந்தது. பெருநகரங்களில் தொடங்கி, 2017 மார்ச் 31-க்குள் கிராமம் வரை முடிய வேண்டும் என்று கெடு வைத்தார்கள். தமிழ்நாட்டில் 2011-இல் மாதம் 70 ரூபாய்க்குச் சேவையைத் தொடங்கியிருந்த அரசு கேபிள் டிவி நிறுவனத்துக்கு 2017 ஏப்ரலில்தான் டிஜிட்டல் உரிமம் கிடைத்தது. செப்டம்பரிலிருந்து இலவசமாகப் பெட்டி கொடுத்தார்கள். யூனியன் பிரதேசமான பாண்டிச்சேரியில் அது கிடையாது, சேனல்களைத் திரட்டிக் கேபிள்காரர்களுக்குக் கொடுக்கும் தனியார் எம்எஸ்ஓக்கள்தான். அதனால் இருபது இருபத்தைந்து கிலோமீட்டர் தூரத்துக்குள் வேறு பூட்டு, வேறு பில்லிங் மென்பொருள், வேறு ரிமோட்.

பெட்டி இலவசம் என்றதும் பூட்டு யாருடையது என்று யாரும் கேட்கவில்லை. 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் பல பகுதிகளில் அரசு கேபிள் முடங்கியபோது அது தெரியவந்தது. மென்பொருள் கொடுத்த தனியார் நிறுவனத்துக்கும் அரசு நிறுவனத்துக்கும் இருந்த தகராறில் சேவை நின்றது. தெருவில் வயர் அறுந்திருந்தால் கேபிள்காரர் ஏணியோடு வந்து கட்டியிருப்பார். தானே புயலில் கம்பங்களே சாய்ந்தபோது கடலூரில் அப்படித்தான் ஒவ்வொன்றாகக் கட்டினார்கள். சாவி அனுப்பும் சர்வர் நின்றால் அவர் என்ன செய்ய முடியும்? வாடிக்கையாளர் திட்டியதென்னவோ அவரைத்தான்.

இதற்குத் தீர்வாக எந்தப் பெட்டியும் எந்த நிறுவனத்திலும் வேலை செய்யும் ஏற்பாடு பேசப்பட்டுக்கொண்டே இருக்கிறது. 2001-இல் வந்த டிடிஎச் விதிமுறையிலேயே பெட்டி பொதுவானதாக இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. அதற்காகப் பெட்டியின் பின்னால் ஒரு துளையும் வைத்தார்கள். மாற்று நிறுவனத்தின் பூட்டுக் கருவியை அதில் செருகலாம். அந்தக் கருவியின் விலை புதுப் பெட்டி விலைக்கு நெருங்கிவிட்டதால் யாரும் வாங்கவில்லை. 2020 ஏப்ரலில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், இந்தியாவில் கொடுக்கும் எல்லாப் பெட்டிகளும் மாற்றிப் பயன்படுத்தத்தக்கவையாக இருக்க வேண்டும் என்று திரும்பவும் பரிந்துரைத்தது. மொபைல் நம்பரை மாற்றாமல் கம்பெனி மாறலாம் என்றானபோது மக்கள் எப்படி மாறினார்கள் என்று பார்த்தவர்கள் எவரும் டிவி பெட்டியில் அதை எளிதில் விடமாட்டார்கள். திருட்டு ஒளிபரப்பு பெருகும், பெட்டி விலை கூடும் என்ற வாதங்களில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் தடுப்பது அது மட்டும்தான் என்று நான் நம்பவில்லை.

இதற்குள் போட்டி பெட்டியை விட்டு டிவிக்கே போய்விட்டது. கடலூர் லாரன்ஸ் ரோட்டிலோ பாண்டி நேரு வீதியிலோ கடையில் புது டிவியை முதல் தடவை ஆன் செய்யும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். மொழி கேட்கும், வைஃபை கேட்கும், அடுத்து கூகுள் அக்கவுன்ட் கேட்கும். கடைப் பையன் வேகமாக ‘ஸ்கிப்’ தேடிப் பிடித்து அழுத்திவிட்டு, ‘வீட்டுக்குப் போய்ப் போட்டுக்கோங்க சார், இல்லன்னா ஆப் ஏத்த முடியாது’ என்பார். அப்புறம் வருகிற முதல் திரையில் மேலே பெரிதாக ஒரு வெப்சீரிஸ் விளம்பரம். ரிமோட்டில் நெட்ஃபிளிக்ஸ், பிரைம் என்று தனித்தனி பட்டன். அந்த இடங்கள் டிவி கம்பெனி அழகுக்கு வைத்தவை அல்ல, விற்றவை. சன் டிவிக்குப் போக நாலைந்து தடவை அழுத்த வேண்டும்.

இங்கே விற்பனையாளர்கள் பழைய ஆட்கள் இல்லை. சாம்சங்குக்கு டைசன், எல்ஜிக்கு வெப்ஓஎஸ் என்று சொந்த மென்பொருள். அமேசானுக்கு ஃபயர் டிவி. மற்ற பிராண்டுகளில் பெரும்பாலானவை கூகுளின் ஆண்ட்ராய்டு டிவி. என்டிஎஸ்ஸும் ஓப்பன்டிவியும் பெட்டிக்கு இவ்வளவு என்று கேபிள் கம்பெனியிடம் காசு வாங்கின. இவர்கள் மென்பொருளைக் கொடுத்துவிட்டு, விளம்பரத்திலும் சந்தாக் கமிஷனிலும் நாம் என்ன பார்க்கிறோம் என்ற தகவலிலும் எடுத்துக்கொள்கிறார்கள். 2017-இல் விசியோ என்ற அமெரிக்க டிவி நிறுவனம், மக்கள் பார்ப்பதைச் சொல்லாமல் பதிவு செய்ததற்காக 22 லட்சம் டாலர் கட்டி வழக்கை முடித்தது. அதே விசியோவை 2024 டிசம்பரில் வால்மார்ட் 230 கோடி டாலருக்கு வாங்கியது. மளிகைக் கடைக்கு டிவி கம்பெனி எதற்கு என்று யோசித்தால், டிவி விலை ஏன் இவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதற்கும் விடை கிடைக்கும்.

கூகுளின் ஒப்பந்த முறை இந்தியாவில் விசாரணைக்கு வந்தது. பிளே ஸ்டோர் வேண்டும் என்றால் கூகுள் செயலிகளை மொத்தமாக ஏற்ற வேண்டும். ஆண்ட்ராய்டை மாற்றியமைத்த வேறு மென்பொருளில் அந்தத் தயாரிப்பாளர் எந்தக் கருவியும் செய்யக் கூடாது என்பது புகார். அமேசானின் ஃபயர் டிவி அப்படி மாற்றியமைத்ததுதான் என்பதால், இந்த நிபந்தனை யாரைக் குறிவைத்தது என்று விளக்க வேண்டியதில்லை. போட்டி ஆணையம் 2021-இல் விசாரணைக்கு உத்தரவிட்டது. 2025 ஏப்ரலில் கூகுள் 20.24 கோடி ரூபாய் கட்டி சமரசத்துக்கு வந்தது. பிளே ஸ்டோரையும் பிளே சர்வீசஸையும் மற்றச் செயலிகள் இல்லாமல் தனியாக, கட்டணத்துக்கு, உரிமம் கொடுக்க ஒப்புக்கொண்டது. கூகுளுக்கு இது சில்லறைக் காசு. ஆனால் சின்ன டிவி பிராண்டு ஒன்று இரண்டு விதமான மென்பொருளில் டிவி விற்கச் சட்டப்படி வழி கிடைத்திருக்கிறது. அதே வருடம் பிப்ரவரியில் ஜியோவும் டெலி ஓஎஸ் என்று தன் மென்பொருளைக் கொண்டுவந்து விட்டது.

பிஎஸ்என்எல் தன் ஃபைபர் இணைப்பில் டிவி கொடுப்பதைத் தமிழ்நாட்டில் 2024-இல் தொடங்கியது. மொபைலிலேயே சேனல் காட்டும் பைடிவியை முதலில் தொடங்கிப் பார்த்த இடங்களில் பாண்டிச்சேரியும் ஒன்று. கடலூர், பாண்டி இரண்டு பக்கமும் கேபிள்காரர்கள் பலர் இப்போது ஃபைபர் இழுத்து இன்டர்நெட் விற்கிறார்கள். வீட்டிலிருந்து திரும்பிப் போகும் வழி கடைசியில் கிடைத்துவிட்டது; இழுத்துக் கொடுத்தது அவர்கள்தான். இணைப்போடு ஓடிடி பேக் சேர்த்து விற்றால் கொஞ்சம் கமிஷன் நிற்கும் என்கிறார்கள். எந்தக் கம்பெனியின் பேக் என்பது மாதத்துக்கு மாதம் மாறுகிறது.